விதியும் கதையும்

விடுதி அறையொன்றில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். மடிக்கணினி ஒன்று, ஆடுவோன் ஒருவன், காண்போர் எழுவர். வெளியே கழக்கூட்டத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஆட்டம் உச்சத்தை எட்டியிருந்தது. வீரன் ஒருவன் கோட்டை வாயிலில் தன் பெரும்பகைவனை நேருக்கு நேர் சந்திக்கிறான். இரண்டு மணி நேரம் பாடுபட்டு அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்த நாகர்கோவில் நண்பனின் விரல்கள் துடிக்கின்றன. அந்த வேளையில் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் படர்ந்தன. கையிலிருந்த கருவி செத்துப்போயிற்று. வீரன் தானே பேசினான், தானே வாளை உருவினான், தானே பாய்ந்தான், தானே வென்றான்.

நண்பன் கருவியைக் கட்டிலில் போட்டான். “மக்கா, நான் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன். சண்டைய அவனே போட்டு முடிக்கட்டும்” என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தட்டுக்கடைக்குப் போய், சாயா குடித்து, பழம்பொரி ஒன்றும் தின்று திரும்பி வந்தான். வென்ற வீரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்!

அறை சிரிப்பில் அதிர்ந்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. முதுகலைத் தமிழ் பயிலும் மூத்த நண்பர் அவர். “தம்பி, இவ்வளவு நேரமும் நீ ஓடினே, தாவினே, வெட்டினே. கதைன்னு ஒண்ணு இப்பத்தான் நடந்துச்சு. அத விட்டுட்டுப் போயிட்டியே!” என்றார். “அண்ணே, கதை வேணும்னா நான் சினிமாவுக்குப் போக மாட்டனா?” என்றான் இவன். நள்ளிரவு கடந்தும் வழக்கு முடியவில்லை. அன்று நான் வாய் திறவாதிருந்தேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இது பொழுதுபோக்குப் பற்றிய சிறுபிள்ளைச் சண்டை என்று தள்ளிவிட வேண்டாம். நாம் பயிலும் கார்யவட்டத்துக்கு அண்மையில்தான், 1990இல் தோன்றிய டெக்னோபார்க் நிற்கிறது. அங்கும் அதுபோன்ற பிற நகரத்து வளாகங்களிலும் நம்மில் பலர் நாளை வேலை தேடுவோம். ஆட்டம் படைக்கும் தொழிலில் தமிழ் மாணவனுக்கு இடம் உண்டா, உண்டென்றால் எந்த இடம் என்பது இவ்வழக்கின் தீர்ப்பைப் பொறுத்தது. அதனைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீடியோ கேமில் ஆடுபவரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டுத் திரைப்படம்போல் ஓடும் பகுதியைக் ‘கட்சீன்’ என்கிறார்கள். நாம் இடைக்காட்சி என்போம். அந்த ஆங்கிலப் பெயரை வழங்கியவர் ரான் கில்பர்ட் என்னும் அமெரிக்கர். 1987இல் வெளிவந்த ‘மேனியாக் மேன்ஷன்’ என்னும் ஆட்டத்தை உருவாக்கியபோது அப்பெயரைச் சூட்டினார். பொருளோ பெயருக்கு மூத்தது. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி படைத்த ‘பேக்-மேன்’ ஆட்டத்தை அறியாதார் சிலரே. புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடும் மஞ்சள் உருண்டை. அதனைத் துரத்தும் பேய்கள். சில சுற்றுகள் முடிந்ததும் ஒரு சிறு வேடிக்கை வரும். பேய் மஞ்சளானை விரட்டிச் செல்லும். மறுகணம் மஞ்சளான் பேருருக் கொண்டு பேயைத் திருப்பி விரட்டி வருவான். சில நொடிகள்தான். ஆடியவன் விரலை நீட்டி மடக்குவான், சிரிப்பான், அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாவான். நாற்று நடுவோர் நடுவில் நிமிர்ந்து முதுகை நீட்டுவதுபோல் அமைந்த இளைப்பாறல் அது. இடைக்காட்சியின் தொடக்கம் இவ்வளவு எளியது.

கன்று வளர்ந்து களிறாயிற்று. 2008இல் ஹிதேயோ கொஜிமா படைத்த ‘மெட்டல் கியர் சாலிட் 4’ என்னும் ஆட்டத்தின் முடிவில் வரும் காட்சிகள் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. அந்த ஒரு மணி நேரத்தில் தட்டுக்கடைக்கு மட்டுமன்று, கிழக்கேக் கோட்டைக்கே போய் வந்துவிடலாம்!

இதற்கு நேர் எதிரில் நிற்போரும் உளர். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தை அவர்கள் எடுத்துக்காட்டுவர். மேலிருந்து கட்டைகள் விழுகின்றன, அடுக்க வேண்டும். யார் விழச்செய்தார், ஏன் விழச்செய்தார், கட்டைக்குத் தாய்தந்தையர் யார் என்று கேட்டவர் எவருமில்லை. ஆயினும் உலகமே ஆடிற்று. 1993இல் வந்த ‘டூம்’ ஆட்டத்தைப் படைத்தோருள் ஒருவரான ஜான் கார்மாக், ஆட்டத்தில் கதை இருக்குமென எதிர்பார்ப்பார்கள், ஆனால் அது முக்கியமன்று என்னும் கருத்துடையவர். நாகர்கோவில் நண்பன் கார்மாக்கின் கட்சி. முதுகலை அண்ணன் கொஜிமாவின் கட்சி.

நான் எந்தக் கட்சி? சொல்கிறேன். இரு சாராரும் ஓர் எண்ணத்தில் ஒன்றுபட்டிருக்கிறார்கள். கதை என்பது ஆட்டத்துக்கு வெளியேயிருந்து கொண்டுவந்து ஒட்டப்படும் பொருள் என்பதே அவ்வெண்ணம். ஒருவர் ஒட்டு என்கிறார். மற்றவர் ஒட்டாதே என்கிறார். அந்த எண்ணமே பிழை என்பது என் கட்சி. ஆட்டத்துக்குச் சொந்தமாகவே ஒரு வாய் உண்டு. அதன் பெயர் விதி. தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரு பொருள்: ஆட்டத்தின் ஒழுங்கும் விதி, மாந்தரின் ஊழும் விதி. எந்த ஆட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றாகின்றனவோ அந்த ஆட்டமே கதை சொல்லத் தெரிந்த ஆட்டம்.

சான்று வேண்டுமா? நம் ஊர்க் கோயில் மண்டபத்துக் கல்தளத்தைக் குனிந்து பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் அங்கே செதுக்கப்பட்டிருக்கும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் வலிமை இல்லை. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து வர வேண்டும். பதினைந்தையும் வைத்து முடிக்கும் வரையில் ஓர் ஆடும் நகரக் கூடாது. ஆடுகள் ஒன்றையொன்று அண்டி நின்று, புலிக்குப் போக்கிடமில்லாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. இவ்வளவே விதி. இதில் உரையாடல் உண்டா? வீரவசனம் உண்டா? ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டின் பக்கம் ஆடியவர்களைக் கேளுங்கள். தனித்து நின்ற ஆடு செத்தது. பின்னால் துணை நின்ற ஆடு பிழைத்தது. வலியோனை வெல்ல எளியோர்க்குள்ள வழி, விலகாமல் நெருங்கி நிற்பது. எந்தத் தலைவரும் மேடையேறிச் சொல்லவில்லை. விரல் நுனியில் ஒரு கல்லை நகர்த்தியபோது நாமே அறிந்தோம். எத்தனை தலைமுறைச் சிறுவர்க்கு அந்தக் கல்தளம் ஆசானாயிருந்தது!

“பரமபதத்தில் ஏணி ஏணியாகக் கதை வரைந்திருக்கிறதே, அதில் ஆடுபவன் செய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று முதுகலை அண்ணன் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடும் அந்தப் படத்தில் நல்வினை ஏணியாகிறது, தீவினை பாம்பாகிறது. தாயக்கட்டை விழுந்தபடி காய் நகரும். நம் அறிவுக்கு அங்கே வேலை இல்லை. படத்தை மட்டும் பார்த்தால் இதுவும் இடைக்காட்சியே எனத் தோன்றும். ஆனால் விதியை நோக்குங்கள். வைகுந்தத்தின் வாயிலில், ஒரே கட்டம் எஞ்சியிருக்க, பெரும் பாம்பின் வாயில் வீழ்ந்து அடிமட்டத்துக்குச் சரிகிறோமே, அப்போது நெஞ்சில் எழும் திடுக்கிடலே அந்த ஆட்டம் சொல்ல வந்த கதை. ‘உன் கையில் ஒன்றுமில்லை’ என்பதைக் கையில் ஒன்றும் தராமலேயே அது உணர்த்துகிறது. தேர்வு இல்லாமையே அங்கே பொருள். ஆடுபுலி முயற்சியைப் பேசுகிறது. பரமபதம் ஊழைப் பேசுகிறது. இரண்டும் விதியால் பேசுகின்றன.

நம் பாட்டிமார் ஆட்டத்தில் இருந்த இந்த அறிவு, கோடிக்கணக்கில் பணம் கொட்டி எடுக்கும் புது ஆட்டங்களில் ஏன் மறந்துபோகிறது? மறவாதவரும் உளர். வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ ஆட்டம் ஒரு தொங்குவண்டிப் பயணத்தோடு தொடங்குகிறது. பாதாள ஆய்வுக்கூடத்துக்குள் வண்டி நம்மைக் கொண்டுசெல்கிறது. வண்டிக்குள் நாம் நடக்கலாம், இந்தச் சாளரம் அந்தச் சாளரம் என்று எட்டிப் பார்க்கலாம், பாராமலும் இருக்கலாம். கதைமாந்தனின் கண்ணைவிட்டு ஒரு கணமும் நம் கண் வெளியேறுவதில்லை. கறுப்புப் பட்டை வருவதில்லை, கருவி சாவதில்லை. கதை நம்மைச் சுற்றி நடக்கிறது. அதனுள் நாம் நடக்கிறோம்.

இன்னும் உருக்கமான சான்று, ஜோசப் ஃபாரஸ் என்பாரின் இயக்கத்தில் சுவீடனில் உருவாகி 2013இல் வந்த ‘பிரதர்ஸ்’. நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிச் செல்லும் அண்ணன் தம்பி கதை. இடக்கை அண்ணனை இயக்கும். வலக்கை தம்பியை இயக்கும். தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்டவன் தம்பி. ஆகவே தண்ணீரென்றால் அவனுக்கு அச்சம். ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் அண்ணன் நீந்துவான். தம்பி அவன் முதுகைப் பற்றிக்கொள்வான். வழியில் அண்ணன் இறக்கிறான். திரும்பி வருகையில் வீட்டருகே மீண்டும் தண்ணீர். தம்பி தனியே கரையில் நிற்கிறான். வலக்கைப் பொத்தானை அழுத்தினால் அவன் இறங்க மறுக்கிறான். என்ன செய்வது? அத்தனை நேரம் சும்மா கிடந்த இடக்கை, அண்ணனின் கை, மெல்ல அவனது பொத்தானை அழுத்துகிறது. தம்பி நீரில் இறங்கி நீந்துகிறான்!

நண்பர்களே! இங்கே யாரும் ‘அண்ணன் உன்னோடு இருக்கிறான்’ என்று வசனம் பேசவில்லை. பேசியிருந்தால் கண் கலங்கியிருக்கும். இப்போதோ இடக்கை கலங்குகிறது. இதனை நாவல் செய்ய முடியாது. திரைப்படம் செய்ய முடியாது. மேடை செய்ய முடியாது. பிற கலை எதற்கும் வாய்க்காத ஆற்றல் ஆட்டத்துக்கு வாய்த்திருக்கிறது. அத்தகைய ஆற்றலைப் பெட்டியில் பூட்டிவிட்டு, சினிமாவின் நிழலைத் திரையில் ஓடவிட்டு, ‘கதை சொன்னோம்’ என்று மார்தட்டுவதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

விதி ஒரு திசையிலும் கதை வேறு திசையிலும் இழுத்தால் என்ன நேரும் என்பதைக் கிளின்ட் ஹாக்கிங் என்னும் கனடிய வடிவமைப்பாளர் 2007இல் எடுத்துரைத்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘பயோஷாக்’ ஆட்டத்தைப் பற்றியது அவர் கட்டுரை. ‘உன் நலத்தை நீயே தேர்ந்துகொள்’ என்று அதன் விதி நமக்கு உரிமை தருகிறது. ‘இன்னார் சொற்படி நட’ என்று அதன் கதை நம்மைக் கேளாமலே இழுத்துச் செல்கிறது. சுதி ஒன்று, பாட்டு ஒன்று. அந்தப் பிளவைச் சுட்ட அவர் ஆக்கிய சொல் இன்று ஆட்டத் திறனாய்வில் நிலைத்துவிட்டது. நம் விடுதித் திரையிலும் இது நாள்தோறும் நடக்கிறது. இடைக்காட்சியில் வீரன் ஓர் உயிரைக் கொன்றதற்காகக் கண்ணீர் வடிக்கிறான். காட்சி முடிந்ததும் நம் நண்பன் அவனைக்கொண்டு முப்பது பேரை வெட்டிச் சாய்க்கிறான். கண்ணீர் யாருக்காக?

இனி எதிர்வாதங்களைக் கேட்போம். “கதையே இல்லாத ஆட்டம்தானே எங்கள் விடுதியை ஆண்டது?” என்று பப்ஜி ஆடியோர் கேட்பர். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதனைத் தடைசெய்ததும், 2021இல் அது வேறு பெயர் தாங்கித் திரும்பி வந்ததும் நாம் அறிந்தவை. நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள், வட்டம் சுருங்குகிறது, ஒருவரோ ஒரு குழுவோ எஞ்சுகிறது. எழுதிவைத்த கதை ஏதுமில்லைதான். ஆனால் மறுநாள் காலை உணவுக்கூடத்தில் என்ன பேசினோம்? “கடைசி வட்டத்துல நான் புல்லுக்குள்ள படுத்துக் கிடந்தேன், மருந்து ஒண்ணுதான் மிச்சம், அத அவனுக்குக் குடுத்தேன், அவன் என்னைய விட்டுட்டு ஓடிட்டான்!” நட்பு, ஈகை, இரண்டகம் எல்லாம் இருக்கின்றனவே! எவரும் எழுதாத கதையை வட்டம் சுருங்கும் விதி எழுதிற்று. இதுவும் என் கட்சிக்கே சான்று.

மற்றொரு வாதம் வலியது; அதனை எளிதில் தள்ள மாட்டேன். அன்று அறையில் ஆடியவன் ஒருவன், கண்டவர் எழுவர் என்றேன் அல்லவா? கருவி வாங்க எல்லார்க்கும் வசதி ஏது? ஒருவன் மடிக்கணினி ஒரு மாடிக்கே பொதுச்சொத்து. கருவி கைக்கு எட்டாத எழுவர்க்கு இடைக்காட்சிதானே விருந்து? அதனையும் பறிக்கலாமா? முதுகலை அண்ணன் கருவியைத் தொட்டதே இல்லை. கதை கேட்கவே வருகிறார். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவரிடமே கேட்கிறேன்: சடுகுடுக் களத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் நடுவில் கதை கேட்கிறதா? பாடிச் செல்பவன் கோட்டைத் தொடுவானா மாட்டானா என்பதில் மூச்சடக்கி நிற்கிறது. தம்பி நீரில் இறங்கிய அந்தக் கணத்தைப் பக்கத்திலிருந்து காண்பவனும் கலங்கவே செய்வான். ஆடுபவன் கைக்கு உண்மையில் பொருள் இருந்தால் காண்பவன் கண்ணுக்கும் விருந்து உண்டு.

திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ தந்தார். மேடையில் நடிப்பதைவிடப் படிப்பதற்கே உரிய நாடகம் என்று அறிஞர் அதனைப் பாராட்டுவர். அதனால் அதற்குக் குறைவு உண்டா? இல்லை, படிக்கும் நாடகமென்று அறிந்தே நாம் அதனைக் கையில் எடுக்கிறோம். ஆனால் ஒருவர் நுழைவுச்சீட்டு விற்று, அரங்கில் நம்மை அமர்த்தி, திரையை உயர்த்தி, ‘இதோ நூல், நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆளுக்கொரு படி நீட்டினால் பொறுப்போமா? ஆட வா என்று அழைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிரு என்பதும் அத்தகையதே. பார்ப்பதற்கான கதை வேண்டுமா? தாராளமாகப் படம் எடுங்கள். ஆட்டமென்று பெயரிட்டால் கைக்கு நீதி செய்யுங்கள்.

அப்படியானால் இடைக்காட்சி அடியோடு ஒழிய வேண்டுமா? வேண்டா. அதற்கு ஓர் எல்லை வகுத்தால் போதும். நடந்து முடிந்ததைக் கண்ணுக்குக் காட்டுக. நடக்க வேண்டியதைக் கையிடம் விடுக. மாற்ற முடியாத முன்கதையைக் காட்சியாக்கினால் ஆடுவோன் எதனையும் இழப்பதில்லை. மாற்றக்கூடியதாகத் தோன்றும் கணத்தில், வாளும் பகையும் எதிரெதிர் நிற்கும் கணத்தில், கருவியைப் பறித்தால் அது களவு.

இந்த எல்லையோடு அழகும் சேர முடியும் என்பதற்குப் புனே நகரத்தில் உருவான ‘ராஜி’ ஒரு சான்று. நோடிங் ஹெட்ஸ் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கி 2020இல் வெளிவந்த ஆட்டம் அது. அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடும் கழைக்கூத்தாடிப் பெண் ராஜியே அதன் தலைவி. கதைப் பகுதிகளை விலையுயர்ந்த சினிமாவாக எடுக்காமல் நிழற்பாவைக் கூத்தாக அமைத்தார்கள். நாம் ராஜியை நடத்திச் செல்லும்போதே துர்க்கையும் திருமாலும் அவளைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். நம் கை கட்டப்படுவதில்லை.

நிழற்பாவை என்றதும் தமிழ் மாணவர் நெஞ்சு நிமிர வேண்டும். இதே கேரளத்தில், பாலக்காட்டு வட்டாரத்துப் பகவதி கோயில்களில், தோற்பாவைக்கூத்து இன்றும் நிகழ்கிறது. கூத்துமாடத்தில் வெண்திரை கட்டி, பின்னே 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, பாவையாட்டுவோர் ஓதுவது கம்பன் பாடல்! ஆட்டுவோர்க்குப் பெயர் புலவர். தாருகனோடு போரிட்டதால் இராம இராவணப் போரைக் காணாது போன பத்திரகாளிக்காக அக்கூத்து நடப்பதாக ஐதிகம். ஆகவே எதிரே மக்கள் ஒருவரும் இல்லாத இரவிலும் புலவர் பாடுவார், பொருள் விரிப்பார், பாவையை ஆட்டுவார். அங்கே காட்சி காட்சிக்காகவே இருக்கிறது. அது யாரிடமிருந்தும் எதனையும் பறிக்கவில்லை. அக்கூத்து தன் இயல்பறிந்து நிற்கிறது. ஆட்டமும் அவ்வாறு தன் இயல்பறிந்து நிற்கட்டும்.

தமிழர் படைத்த ஆட்டமே ஒன்று அவ்வாறு நின்று காட்டியது. பெயர் ‘வெண்பா’! கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு உருவாக்கி, 2023இல் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்ற ஓர் இல்லத்தின் கதை. வெண்பா தாய், பாவலன் தந்தை, கவின் மகன். போரில்லை, பேயில்லை. சமையல்தான் ஆட்டம். வெண்பாவின் கையில் தன் தாய் தந்த சமையல் குறிப்பேடு இருக்கிறது. அது கிழிந்திருக்கிறது, கறைபட்டு எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, எதனை முன்னே இடுவது, எதனைப் பின்னே இடுவது என்று மறைந்த வரியை நாமே ஊகித்துச் செய்து பார்க்க வேண்டும். தவறினால் மீண்டும் முயல வேண்டும்.

எவ்வளவு எளிய விதி! ஆனால் எண்ணிப் பாருங்கள். கடல் கடந்த தமிழரின் துன்பம் எது? தாயின் சொல் முழுவதும் கிடைக்காமை. பாதி நினைவு, பாதி கிழிசல். அதனை ஒரு பாத்திரம் அழுது சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு மறந்திருப்போம். கிழிந்த வரியை நம் கையே தடவித் தேடும்போது மறக்க முடிவதில்லை. அந்த ஆட்டத்திலும் உரையாடல் மிகுதி. நாம் வெறுமனே படித்துச் செல்லும் இடங்கள் உண்டு. அது குறையென்றே சொல்வேன். எனினும் அதன் நெஞ்சு அடுப்படியில் இருக்கிறது, ஆட்டத்தின் விதியில் இருக்கிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்குரிய பரிசை அது பெற்றது. வாங்கியோர் பெரும்படை வைத்திருந்த நிறுவனத்தார் அல்லர்.

பெயர்ப் பொருத்தத்தையும் பாருங்கள். பாவகையுள் விதி மிகுந்தது வெண்பா. வெண்டளை பிறழக் கூடாது. ஈற்றடி முச்சீராய் நிற்க வேண்டும். இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டுள் ஒன்றாய் முடிய வேண்டும். ‘இத்தனை தளைக்குள் கவிதை எப்படிப் பிறக்கும்?’ என்று கேட்பவர்க்கு வள்ளுவரே விடை. அவர் தந்த 1330 குறளும் வெண்பாவே. விதி கருத்தை நசுக்கவில்லை; ஒருமுகப்படுத்திற்று. விதிக்குள் பொருளை ஏற்றும் கலையில் நம்மைப்போல் பழகியவர் எவர்?

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஆட்டத் தொழிலில் தமிழ் மாணவனுக்கு எந்த இடம்? இன்று நம்மை யாரேனும் நினைத்தால் எதற்கு நினைப்பார்கள்? இடைக்காட்சி வசனத்தைத் தமிழாக்க. எங்கோ எவரோ முடித்துவைத்த காட்சிக்கு வாயசைவு பார்த்துச் சொல் நிரப்ப. அதுவும் உழைப்புத்தான், இழிவில்லை. ஆனால் அது வாயில்திண்ணை. வீட்டின் உள்ளறை அன்று. விதி வகுக்கும் மேசையில் நமக்கு நாற்காலி வேண்டும்.

டெக்னோபார்க்கில் இயங்கும் டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமன் கதைகளைக் கேலிச்சித்திரத் தொடராக்கிற்று. 2003இல் அது கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. பார்ப்பதற்கான படைப்பு அது, நன்று. அதே தெனாலிராமனை ஆட்டமாக்கச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? தோட்டத்தில் திருடர் பதுங்கியிருப்பதை அறிந்த இராமன், நகைப்பெட்டியைக் கிணற்றில் போட்டதாக அவர்கள் காதில் விழப் பேசி, விடியும்வரை அவர்களையே நீர் இறைக்க வைத்துத் தோட்டம் பாய்ச்சிக்கொண்ட கதை நாம் அறிந்ததே. இடைக்காட்சிக்காரர் அதனைப் படமாகக் காட்டிவிட்டு, பின்னர்த் திருடரைத் துரத்தி ஓடும்படி நம்மிடம் கருவியைத் தருவார். சூழ்ச்சி இராமனுக்கு, ஓட்டம் நமக்கு! விதி அறிந்தவர் வேறு செய்வார். திருடர் தாம் ஒட்டுக்கேட்டதை மட்டும் நம்புவர். உரக்கப் பேசினால் ஐயுறுவர். மெல்லப் பேசினால் கேளாது. எங்கே நின்று, யாரிடம், எவ்வளவு குரலில், எதனைச் சொல்வது என்பது ஆடுவோன் தேர்வு. நீர் பாய்ந்த பாத்தியே வெற்றிக்கு அளவு. இப்போது சூழ்ச்சி நம்முடையது. இராமனாக நாம் சிரிக்கிறோம்.

இதனை எண்ணிச் செய்யப் பெரும்பணம் வேண்டியதில்லை. சினிமாத்தரக் காட்சி எடுக்கத்தான் கோடிகள் வேண்டும். விதி எழுதத் தாளும் எழுதுகோலும் புளியங்கொட்டையும் போதும். பணமில்லாதவர்க்கு எஞ்சியிருக்கும் வழியும் அதுவே, சிறந்த வழியும் அதுவே என்பது நம் நற்பேறு.

ஆகவே நம் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி வைக்கிறோம். கவிதைப் போட்டி வைக்கிறோம். கட்டுரைப் போட்டி வைக்கிறோம். இவ்வாண்டு ஆட்டப் போட்டி ஒன்றும் வைப்போம். தமிழ்க் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்குள் விதி வகுத்து, காயும் கட்டமுமாகக் கொண்டுவர வேண்டும். வசனம் ஒரு வரியும் கூடாது. ஆடி முடித்தவர், கதை இன்னதென்று தாமே சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் பரிசு. கணினித் துறை நண்பரும் தமிழ்த் துறை நண்பரும் இணைந்தே வர வேண்டுமென்று விதி செய்தால் இன்னும் நன்று.

நாகர்கோவில் நண்பனையும் முதுகலை அண்ணனையும் ஒரே அணியில் சேர்க்க எண்ணியிருக்கிறேன். ஒருவன் கை அறிந்தவன். ஒருவர் கதை அறிந்தவர். அவர்கள் கூடி அமர்ந்து ஆட்டம் படைக்கும் இரவில் தட்டுக்கடைக்குப் போய் எல்லார்க்கும் சாயா வாங்கி வரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.